மூன்றாம் சுவரில் ஒரு கை

ஹில்கே: கதவை மூடுங்கப்பா, மழை உள்ள அடிக்குது.

கெர்பன்: மூடிட்டேன், மூடிட்டேன். இந்தா... பிளாஸ்க்ல இன்னும் காபி இருக்கு. சூடு கொஞ்சம் கொறைஞ்சிருக்கும். குடி.

ஹில்கே: வேணாம்.

கெர்பன்: திராட்சை பன்?

ஹில்கே: வேணாம்பா.

கெர்பன்: அம்மா வெண்ணெய் தடவி, நடுவுல சீஸ் வெச்சு, தாள்ல சுத்திக் குடுத்திருக்கா. நீ தின்னலேன்னா நான்தான் திட்டு வாங்கணும்.

ஹில்கே: நீங்களே தின்னுட்டு, அவ தின்னுட்டான்னு சொல்லிடுங்க.

கெர்பன்: பொய் சொல்லச் சொல்றியா? என்னை?

ஹில்கே: ஒரு பன்னுக்குத்தானேப்பா!

கெர்பன்: பன்னா இருந்தா என்ன, பாலமா இருந்தா என்ன... சரி, பாதி. பாதியாவது தின்னு.

ஹில்கே: எதுக்கு என்னை இங்க காருக்குக் கூட்டிட்டு வந்தீங்க? உள்ள கோச் தேடுவார்.

கெர்பன்: தேடட்டும். அரை மணி நேரம் அப்பாகூட உட்கார்ந்தா ஒலிம்பிக் ஒண்ணும் எந்திரிச்சு ஓடிப் போயிடாது.

ஹில்கே: இன்னும் உறுதி ஆகலையே.

கெர்பன்: ரெண்டாவதா வந்திருக்கே. நாட்டுக்கு ரெண்டு பேர். இதுக்கு மேல உறுதி ஆக என்ன இருக்கு?

ஹில்கே: ஆட்சேபம் சொல்றதுக்கு நேரம் குடுத்திருக்காங்க இல்ல? அது தாண்டினப்புறம்தானே பேரைப் படிப்பாங்க.

கெர்பன்: யாரு ஆட்சேபம் சொல்லப் போறா?

ஹில்கே: யாருமே சொல்ல மாட்டாங்களா?

கெர்பன்: ஏன் பயப்படறே?

ஹில்கே: பயப்படலை. கேட்டேன்.

கெர்பன்: தோள் எப்படி இருக்கு? அந்த ஐஸ் பையைச் சரியா வை. இடது பக்கம்... இன்னும் கொஞ்சம் பின்னால. கொடு, நான் பிடிக்கறேன்.

ஹில்கே: வலது தோள்ல வைக்கறீங்களேப்பா.

கெர்பன்: அட, ஆமா.

ஹில்கே: இப்பத்தானே இடதுன்னு நீங்களே சொன்னீங்க.

கெர்பன்: வயசாகுதுடி. நாலு மணிக்கு எழுந்து, மூடுபனியில தட்டுத் தடவி வண்டி ஓட்டிட்டு வந்திருக்கேன். தடுமாறாதா?

ஹில்கே: உங்க இடத்துல இப்ப யார் நிக்கறா?

கெர்பன்: எந்த இடத்துல?

ஹில்கே: அந்தக் கோடிச் சுவர்லப்பா. என் போட்டிக்கு நீங்கதானே அங்க நடுவர். அடுத்த போட்டிக்கும் நிக்கணும் இல்ல?

கெர்பன்: தலைவலின்னு சொல்லிட்டு வந்துட்டேன். வேற ஆள் நிக்கறாங்க.

ஹில்கே: தலைவலியா? நீங்களா? ஜுரத்தோட தூக்குப்பாலத்துல நின்னு ராத்திரி முழுக்கப் படகுக்கு வழி விட்ட ஆளு!

கெர்பன்: பாலம் வேற.

ஹில்கே: என்ன வேற? கல்யாணத்தன்னிக்கே அம்மாவை காரோட தடுப்புக்கு வெளியில நிக்க வெச்சீங்களே.

கெர்பன்: அதை எத்தனை தடவை சொல்லுவீங்க, ரெண்டு பேரும்? மண் ஏத்தின படகு ஹாரன் அடிச்சிருச்சு. ஹாரன் அடிச்சாப் பாலத்தைத் தூக்கணும். எனக்குப் பதிலா அன்னிக்கு வேலைக்கு வந்தவன் புதுசு, முழிச்சுட்டு நின்னான். நானே போய்த் தூக்கினேன்.

ஹில்கே: கோட்டு சூட்டோட.

கெர்பன்: கோட்டு சூட்டோட.

ஹில்கே: தூக்கினது மட்டுமா? தூண்டில் கம்புல மரச்செருப்பைக் கட்டிக் கீழ விட்டு, படகுக்காரன்கிட்டச் சுங்கமும் வாங்கினீங்களாம். அம்மா இன்னும் சிரிக்கிறா.

கெர்பன்: வாங்காம விட்டா ஊரே பேசும். கெர்பன் வியார்டா தன் கல்யாணம்னா சும்மா விடுவான்னு.

ஹில்கே: யாரும் பேச மாட்டாங்கப்பா. உங்களை யாரும் அப்படிப் பேசவே மாட்டாங்க.

கெர்பன்: ...பன்னைத் தின்னு.

ஹில்கே: அம்மாவுக்கு ஃபோன் பண்ணீங்களா?

கெர்பன்: போட்டி முடிஞ்சதும் வாசல் பூத்துல இருந்து பண்ணினேன். சொல்லி முடிக்கறதுக்குள்ள கத்தினா பாரு... பின்னால நின்னவங்களுக்கே கேட்டிருக்கும்.

ஹில்கே: என்ன சொன்னா?

கெர்பன்: என்ன சொல்லுவா? நாற்காலியை எல்லாம் வட்டமா போட்டாச்சாம். பக்கத்து வீட்டுல இருந்து வேற ஆறு நாற்காலி வாங்கியாச்சாம். கிரீம் கேக் நம்ம நாட்டு அணியோட ஆரஞ்சுக் கலர்ல சொல்லியிருக்கா. பாலத்துல கொடி கட்டச் சொல்லி ஆளைப் பிடிச்சுட்டா.

ஹில்கே: பேர் படிக்கறதுக்கு முன்னாடியேவா?

கெர்பன்: கேளு, இன்னும் கேளு. வர்றவங்களுக்கு பிஸ்கட் டப்பாவைத் திறந்தே வெச்சிருக்காளாம். மூடவே போறதில்லையாம்!

ஹில்கே: அம்மாவா? ஆளுக்கு ஒண்ணு குடுத்துட்டு டப்பாவை மூடி அலமாரியில வைக்கிற அம்மாவா?

கெர்பன்: அதான் சொல்றேன். பாதிரியார் வந்தப்பக்கூட ஒண்ணுதான். இன்னிக்குத் திறந்தே கிடக்கு.

ஹில்கே: ...ஐயோ.

கெர்பன்: என்ன ஐயோ? சிரிப்பேன்னு பார்த்தா...

ஹில்கே: சிரிச்சேன் இல்ல.

கெர்பன்: எங்க சிரிச்சே? வாயைத்தான் திறந்தே.

ஹில்கே: களைப்புப்பா.

கெர்பன்: களைப்பா? அந்தக் கடைசி அம்பது மீட்டர் போனவளுக்கா? ஹில்கே... இத்தனை வருஷமா நான் உன்னைப் பார்க்கறேன். பட்டாம்பூச்சி நீச்சல்னு பேரு வெச்சிருக்காங்க, எனக்கு எப்பவும் சுமை தூக்கறவங்க ஞாபகம்தான் வரும். ஒவ்வொரு தடவையும் உடம்பைத் தண்ணிக்குள்ள இருந்து பிடுங்கி எடுத்து மறுபடி போடணும். இன்னிக்குத்தான் அந்தப் பேரு சரின்னு தோணிச்சு. நீ தண்ணி மேல அப்படியே... கனமே இல்லாம...

ஹில்கே: ஆமா. கனமே இல்ல.

கெர்பன்: நாலாவதா திரும்பினவ, ஃபென்னாவையும் அந்த ராட்டர்டாம் பொண்ணையும் தாண்டி ரெண்டாவது! எல்லாரும் எழுந்து நின்னுட்டாங்க.

ஹில்கே: ஃபென்னா மூணாவது. ஒரு விரல் அகலத்துல.

கெர்பன்: அது போட்டி. ஒருத்தர் ஜெயிச்சா ஒருத்தர் தோக்கணும்.

ஹில்கே: குளிக்கற இடத்துல தலையில தண்ணியைத் திறந்து விட்டுட்டு அழறா. தண்ணிச் சத்தத்துல கேக்காதுன்னு நினைச்சுட்டா போல. எல்லாருக்கும் கேக்குது.

கெர்பன்: சின்னப் பொண்ணு. அடுத்த தடவை போவா.

ஹில்கே: அவளுக்கு அது அவ்வளவு வேணும்பா. அவ்வளவு ஆசை. குதிக்கற மேட்டுல ஏறி நிக்கும்போதே அவ முகத்துல தெரியும். நான் பக்கத்துல நின்னு பார்த்தேன்.

கெர்பன்: உனக்கு மட்டும் ஆசை இல்லாமயா?

ஹில்கே: ...உப்பு மிட்டாய் வெச்சிருக்கீங்களா?

கெர்பன்: எப்ப இல்லாம இருந்திருக்கு? இந்தா, சட்டைப் பையில... கறுப்பு ரெண்டுதான் இருக்கு. ரெண்டையும் எடுத்துக்கோ.

ஹில்கே: உங்களுக்கு?

கெர்பன்: எனக்கு வாய் காஞ்சு கிடக்கு. வேணாம்.

ஹில்கே: அப்பா...

கெர்பன்: ம்.

ஹில்கே: மூணாவது சுவர் திரும்பும்போது நீங்க எங்க நின்னீங்க?

கெர்பன்: எங்க நிப்பேன்? நீ நீந்தற தடத்துக்கு மேலதான்.

ஹில்கே: சரியா மேலயா?

கெர்பன்: குனிஞ்சு நின்னா உன் தலை என் காலுக்கு நேரா. ஏன்?

ஹில்கே: நல்லாத் தெரிஞ்சுதா?

கெர்பன்: என்ன தெரிஞ்சுதா?

ஹில்கே: நான்.

கெர்பன்: அங்க ஒரே ஆவி. கண்ணாடி வேற மங்கிப் போச்சு...

ஹில்கே: கண்ணாடியைத் துடைச்சுக்கலையா? நீங்க எப்பவும் ஒவ்வொரு திருப்பத்துக்கு முன்னாடியும் துடைப்பீங்களே. அந்தக் கட்டம் போட்ட கைக்குட்டையில.

கெர்பன்: துடைச்சேன்... துடைச்சிருப்பேன். இப்ப எதுக்கு அதெல்லாம்?

ஹில்கே: சும்மாதான். எனக்குப் பத்து வயசுல நடந்துச்சே, ஞாபகம் இருக்கா? நம்ம கிளப் போட்டி.

கெர்பன்: மறக்க விடுவாங்களா? போற குளத்துல எல்லாம் அதைச் சொல்லித்தானே என்னை அறிமுகமே பண்றாங்க. "இவர்தான் சொந்தப் பொண்ணையே போட்டியில இருந்து தள்ளினவர்."

ஹில்கே: முதல்ல வந்தேன். கையை ஆட்டிட்டு மேல பார்த்தா, உங்க கை மேல இருக்கு. எனக்கு ஒண்ணும் புரியல. நீங்களும் சந்தோஷத்துல கையைத் தூக்கறீங்கன்னு நினைச்சு நான் இன்னும் வேகமா ஆட்டினேன்.

கெர்பன்: சொல்லாதே. அதை இன்னும் என்னால கேக்க முடியலை.

ஹில்கே: பட்டாம்பூச்சின்னா சுவரை ரெண்டு கையும் சேர்த்துத் தொடணும். ஒரு கையால தொட்டா நடுவர் கையைத் தூக்கணும், தூக்கினா அந்த ஆள் போட்டியிலயே இல்ல. நான் ஒரு கையால தொட்டேன், நீங்க தூக்கினீங்க. அவ்வளவுதானே?

கெர்பன்: அவ்வளவுதான். ஒரு வாரம் என்கூடப் பேசலை நீ. உருளைக்கிழங்கு வறுவல் வாங்கித் தந்தேன், மேல மயோனைஸ் எல்லாம் போட்டு. அதைத் தின்னுட்டும் பேசலை.

ஹில்கே: அன்னிக்கு நான் ஒண்ணு தெரிஞ்சுக்கிட்டேன்பா.

கெர்பன்: என்ன?

ஹில்கே: அப்பா பார்த்தா, கை மேல போயிரும். யாரா இருந்தாலும். போயிரும் இல்ல?

கெர்பன்: மழை விடற மாதிரி இல்லையே.

ஹில்கே: இன்னிக்கு உங்களை எப்படி என் தடத்துல நிக்க விட்டாங்க? அப்பா, பொண்ணு... விட மாட்டாங்களே.

கெர்பன்: நிக்க வேண்டியவர் பனியில எங்கேயோ மாட்டிக்கிட்டார். ஆள் இல்ல. தலைமை நடுவர்ங்கற முறையில ஆல்டா எல்லா கோச்சையும் கூப்பிட்டுக் கேட்டா. "கெர்பன் நிக்கலாமா?" ஃபென்னாவோட கோச்தான் முதல்ல தலையாட்டினார். "அவர்னா எனக்குக் கவலையே இல்ல"ன்னார்.

ஹில்கே: அவரே சொன்னாரா?

கெர்பன்: அவரேதான்.

ஹில்கே: நீங்க மேட்டுக்குப் பின்னால நடந்து அந்தக் கோடிக்குப் போறதை நான் பார்த்தேன். வெள்ளைச் சட்டை, வெள்ளை பேண்ட். அப்பதான்...

கெர்பன்: அப்பதான்?

ஹில்கே: ஒண்ணுமில்ல. நிம்மதியா இருந்துச்சு.

கெர்பன்: நான் நின்னதுலயா?

ஹில்கே: ஆமா. யாரோ வர்றாங்க... குடை தெரியுது. ஆல்டா அத்தை! அப்பா, ஆல்டா அத்தைதான்! கார் கண்ணாடியை இறக்குங்க!

கெர்பன்: இரு... இருடி. அவ எதுக்கு இங்க...

ஹில்கே: இறக்குங்கப்பா!

ஆல்டா: இங்கயா இருக்கீங்க! கட்டடம் முழுக்கத் தேடிட்டு வர்றேன். தலைமை நடுவரை மழையில நடக்க வைக்கிற ஆளை நான் இன்னிக்குத்தான் பார்க்கறேன்.

ஹில்கே: உள்ள வாங்க அத்தை, நனையறீங்க.

ஆல்டா: வேணாம்டி கண்ணு, ஒரு நிமிஷம்தான். கெர்பன், தலைவலி எப்படி?

கெர்பன்: பரவாயில்ல.

ஆல்டா: வெட்கமா இருக்கு கேக்கறதுக்கு. ஆனா கேட்டாகணும். ஆட்சேபம் வந்திருக்கு.

ஹில்கே: வந்துருச்சா?

ஆல்டா: பயப்படாதேடி. ஃபென்னா ஊர்க்காரங்க யாரோ, மேல கடைசி வரிசையில இருந்து பார்த்தாங்களாம். மூணாவது சுவர்ல ஹில்கே ஒரு கையாலதான் தொட்டான்னு. கோச் வேண்டாவெறுப்பா வந்து சொன்னார். "கெர்பன் தூக்கலேன்னா ஒண்ணும் இருக்காது, ஆனா பொண்ணு அழுதுட்டே இருக்கா, அவ மனசு ஆறட்டும், ஒரு வார்த்தை கேட்டுடுங்க"ன்னார்.

கெர்பன்: ம்.

ஆல்டா: அதனால கேக்கறேன். நீங்க பார்த்தீங்களா?

கெர்பன்: பார்த்தேன்.

ஆல்டா: தெளிவா?

கெர்பன்: தெளிவா.

ஆல்டா: எப்படித் தொட்டா?

ஹில்கே: சொல்லுங்கப்பா.

ஆல்டா: நீ சும்மா இருடி, அவர் சொல்லட்டும். நீச்சல்காரி பக்கத்துல இருக்கும்போது கேக்கறதே முறையில்ல. கெர்பன்னு நம்பித்தான் கேக்கறேன்.

கெர்பன்: ரெண்டு... ரெண்டு கையும்.

ஆல்டா: சேர்ந்து?

கெர்பன்: சேர்ந்து.

ஆல்டா: முடிஞ்சுது. இதுக்குப் போய் நான் செருப்பெல்லாம் சேறாக்கிட்டு... என்னம்மா ஹில்கே, முகம் இப்படி வெளுத்துப் போச்சு? அதான் சொல்லிட்டாரே!

ஹில்கே: அத்தை, ஒண்ணு கேக்கலாமா?

ஆல்டா: கேளேன்.

ஹில்கே: ஒருவேளை... நீச்சல்காரியே வந்து, நான் ஒரு கையாலதான் தொட்டேன்னு சொன்னா?

கெர்பன்: ஹில்கே!

ஹில்கே: சும்மா கேக்கறேன்பா. சட்டம் தெரிஞ்சுக்கறதுக்கு.

ஆல்டா: அப்படி யாராவது சொல்லுவாங்களா? சொன்னா... முதல்ல அந்தச் சுவர்ல நின்ன நடுவரைக் கூப்பிட்டுக் கேப்பேன், நீ எதைப் பார்த்தேன்னு. அவ ஒண்ணு சொல்லி, இவர் ஒண்ணு சொன்னா, யாரோ ஒருத்தர் பொய். நடுவர் பொய் சொன்னார்னு ஆச்சுன்னா, அந்த ஆள் அப்புறம் எந்தக் குளத்து ஓரத்துலயும் கால் வைக்க முடியாது. பேர் போயிரும். அவ்வளவுதான்.

ஹில்கே: பேர் போயிரும்.

ஆல்டா: இதெல்லாம் உனக்கு எதுக்கு? இன்னும் கொஞ்ச நேரத்துல பேர் படிப்போம். தலையைத் துவட்டிட்டு வா. கெர்பன், நீங்களும் வாங்க, படம் எடுக்கணுமாம், அப்பாவும் பொண்ணும். பத்திரிகைக்காரங்க அந்தப் பத்து வயசுக் கதையை யார்கிட்டயோ கேட்டுட்டு என்னைப் பிடுங்கறாங்க.

கெர்பன்: படமெல்லாம் வேணாம் ஆல்டா.

ஆல்டா: கூச்சத்தைப் பாரு! வர்றேன்.

ஹில்கே: ...போயிட்டாங்க.

கெர்பன்: கண்ணாடியை ஏத்தவா? குளிருது.

ஹில்கே: ஏத்துங்க.

கெர்பன்: அழறியா?

ஹில்கே: மழைத் தண்ணி.

கெர்பன்: ஹில்கே.

ஹில்கே: நீங்க பார்க்கலைன்னு நினைச்சேன்பா. உள்ள இருக்கறப்ப, பலகையில என் பேர் ரெண்டாவதா வந்து, அது அழியாமயே நிக்கும்போது... பாவம், அப்பாவுக்குக் கண்ணாடி மங்கிருச்சு, பார்க்கலைன்னு நினைச்சேன். உங்களுக்காகக்கூட வருத்தப்பட்டேன். வயசாயிருச்சுன்னு. இப்பச் சொல்லுங்க. ஆல்டா அத்தைதான் இல்லையே.

கெர்பன்: பார்த்தேன்மா.

ஹில்கே: ம்.

கெர்பன்: மூக்குக்கு நேரே நடந்ததைப் பார்க்காம இருக்க முடியுமா? உன் வலது கை சுவருக்கு வந்துச்சு. இடது கை வரலை. தண்ணிக்குள்ளயே, விலாவோட ஒட்டிட்டு... நின்னு போச்சு.

ஹில்கே: நீங்க தூக்கலை.

கெர்பன்: தூக்கப் போனேன். இடுப்பு வரைக்கும் வந்துச்சு. சத்தியமா வந்துச்சு. இதோ, இவ்வளவு தூரம். அதுக்கு மேல போகலை.

ஹில்கே: ஏன்?

கெர்பன்: என்ன ஏன்? அந்தத் தோளுக்கு எத்தனை ஊசி போட்டாங்க, எனக்குத் தெரியாதா? ராத்திரி திரும்பிப் படுக்க முடியாம முனகுவியே, அம்மாவும் நானும் கேக்காத மாதிரிப் படுத்திருப்போம். பத்து வயசுல நீ கவனமில்லாம தொட்டே, அது தப்பு, தூக்கினேன். இன்னிக்கு... கை வரலைன்னா அது உன் தப்பா? சட்டத்துக்குத் தப்பு. நான் அங்க சட்டத்துக்கு நிக்கணும், தெரியும். ஆனா எனக்குக் கீழ என் பொண்ணுக்குக் கை வரலை. அந்த நேரத்துல எனக்கு வேற ஒண்ணும் தெரியலை.

ஹில்கே: ஃபென்னாவைத் தெரியலையா?

கெர்பன்: தெரியலை. இப்பத் தெரியுது. நீ குளிக்கற இடத்தைப் பத்திச் சொன்னதுல இருந்து, காதுல அந்தச் சத்தம்தான்.

ஹில்கே: இப்பப் போய்ச் சொல்லிடலாம்பா.

கெர்பன்: என்னன்னு?

ஹில்கே: பார்க்கலைன்னு. ஆவின்னு. தலைவலின்னு.

கெர்பன்: தெளிவாப் பார்த்தேன்னு சொல்லியாச்சே... ரெண்டு தடவை சொன்னேன். மாத்திச் சொன்னா? என் பேர் போனாப் போகட்டும், நீ? அப்பாவும் பொண்ணும் சேர்ந்து பண்ணினாங்கன்னு சொல்ல மாட்டாங்க? உன்னையும் சேர்த்துல்ல முடிச்சிடுவாங்க!

ஹில்கே: முடிச்சா முடிக்கட்டும்.

கெர்பன்: பைத்தியம் மாதிரிப் பேசாதே. இதுக்காகத்தானே இத்தனை வருஷம்?

ஹில்கே: எதுக்காகப்பா?

கெர்பன்: இதென்ன கேள்வி! இருட்டுல எழுந்து, பள்ளிக்கூடத்துக்கு முன்னாடி ஒரு தடவை, அப்புறம் ஒரு தடவை... கார்லயே வீட்டுப்பாடம், கார்லயே சாப்பாடு. உன் வயசுப் பசங்க எல்லாம் கால்வாய் உறைஞ்சதும் சறுக்கப் போவாங்க, விழுந்தா கை உடையும்னு நீ பாலத்து அறை ஜன்னல்ல நின்னு பார்ப்பே.

ஹில்கே: நீங்க சுடச்சுடச் சாக்லேட் பால் போட்டுத் தருவீங்க.

கெர்பன்: வேற என்ன தர முடியும் என்னால? எனக்கு நீச்சல் வருமா, ஒண்ணா? நாம கால்வாய் ஓரத்துல குடியிருக்கோம், இது என்னிக்காவது தண்ணியில விழுந்துட்டா என்ன பண்றதுன்னு பயந்துதான் முதல்ல கூட்டிட்டுப் போனேன். உடுப்போட நீந்திக் காட்டி, நீச்சல் தெரியும்னு பிள்ளைங்களுக்குக் குடுக்கற அந்தச் சான்றிதழை வாங்கினா போதும்னு. அப்புறம் யாரோ வந்து, உங்க பொண்ணு வேற மாதிரின்னு சொன்னாங்க. நீயும் சிரிச்சே. சரி, பிள்ளைக்கு ஆசையா இருக்குன்னு...

ஹில்கே: அப்ப எனக்கு ஆறு வயசு.

கெர்பன்: ஆமா.

ஹில்கே: இப்ப இருபத்தி நாலு.

கெர்பன்: தெரியாதா எனக்கு?

ஹில்கே: ரெண்டு குளிர்காலத்துக்கு முன்னாடி, பாலத்து அறையில, நான் உங்ககிட்ட ஒண்ணு சொன்னேன். ஞாபகம் இருக்கா?

கெர்பன்: என்னிக்கு?

ஹில்கே: பனி கொட்டின அன்னிக்கு. படகே வரலை. நானும் உங்களை மாதிரிப் பாலத்துக்கே வந்துடட்டுமாப்பான்னு கேட்டேன். தண்ணியை மேல இருந்து பார்த்துட்டு இருக்கலாம்னு.

கெர்பன்: அட, அது விளையாட்டுக்குச் சொன்னது! நான்கூட, "மரச்செருப்பை ஆட்டத் தெரியுமாடி உனக்கு"ன்னு கேட்டு...

ஹில்கே: சிரிச்சீங்க.

கெர்பன்: சிரிச்சேன். "களைச்சுப் போயிருக்கே, போய்த் தூங்கு, காலையில சரியாயிடும்"னேன்.

ஹில்கே: தூங்கினேன். காலையில எழுப்பி விட்டீங்க. கார்ல ஹீட்டர் போட்டு வெச்சிருந்தீங்க.

கெர்பன்: ஒவ்வொரு நாளும் போடுவேனே. நீ ஏறும்போது சூடா இருக்கணும்னு.

ஹில்கே: தெரியும்பா. அதான்... அந்தச் சூட்டுல உட்கார்ந்துட்டு ஒருத்தி எப்படிச் சொல்லுவா?

கெர்பன்: எதை?

ஹில்கே: ஒண்ணுமில்ல.

கெர்பன்: உனக்கு என் மேல கோபம். பொய் சொன்னேன்னு. சரிதான். நீ கோபப்படணும். ஆனா ஒண்ணு மட்டும் சொல்றேன், கேட்டுக்கோ. கை தூக்காம நிக்கறேன், என்ன காரியம் பண்ணிட்டோம்னு... அப்ப நீ போனே பாரு! அந்தக் கடைசி அம்பது. வாழ்க்கையில முதல் தடவையா நீ தண்ணியில சந்தோஷமா இருக்கறதை நான் பார்த்தேன். ஆமா, சந்தோஷம்தான். எனக்குத் தெரியாதா? நான் பண்ணின தப்பை நீயே நேராக்கிட்டுப் போற மாதிரி இருந்துச்சு. இவளுக்காக ஒரு தடவை பொய் சொன்னா என்னன்னு தோணிச்சு.

ஹில்கே: அதுக்காகத்தான் ஆல்டா அத்தைகிட்டயும்...

கெர்பன்: அதுக்காகத்தான். அந்த அம்பது மீட்டருக்காகத்தான்.

ஹில்கே: அப்பா, போதும்.

கெர்பன்: கேக்குதா? ஒலிபெருக்கி... பேர் படிக்கறாங்க.

ஹில்கே: கேக்குது.

கெர்பன்: "ஹில்கே வியார்டா"ன்னு சொல்றாங்கடி! நேரம் முடிஞ்சுது. இனிமே யாராலயும் மாத்த முடியாது.

ஹில்கே: முடியாது.

கெர்பன்: எழுந்திரு. முடியைத் துவட்டு. இந்தா டவல். அந்த ஆரஞ்சுச் சட்டையைப் போட்டுட்டு மேடையில நிக்கணும், சிரிக்கணும். நான் ஓரமா நிக்கறேன். படத்துக்கு மட்டும் வர மாட்டேன்.

ஹில்கே: கோச் சொன்னார், நாளைக்கே ஆரம்பிக்கணுமாம். தோளுக்கு இன்னொரு ஊசி. இது முடிஞ்சதும் ஐரோப்பியப் போட்டி. அதுக்கப்புறம்...

கெர்பன்: எல்லாத்துக்கும் நான் கூட்டிட்டுப் போறேன். ஏன் இப்படிப் பார்க்கறே? ...அதெல்லாம் போகட்டும். ஒண்ணே ஒண்ணு எனக்கு விளங்கலை, அதை மட்டும் சொல்லிட்டு இறங்கு. சுவருக்கு வராத கை... அவ்வளவு வலி... அதை வெச்சுக்கிட்டு அந்தக் கடைசி அம்பது மீட்டர் எப்படிம்மா அப்படிப் போனே?

ஹில்கே: வலிக்கலைப்பா. கை வந்துச்சு, நான்தான் வர விடலை. மேல நீங்க குனிஞ்சு நிக்கறது தெரியும். பார்த்தா தூக்கிடுவீங்கன்னு தெரியும். தூக்கிட்டீங்க, என்னை விட்டுட்டாங்க, இனிமே நான் நீந்தவே வேணாம்னு நினைச்சேன்... அந்தச் சந்தோஷத்துலதான்பா அப்படிப் போனேன்.